சராசரியை நம்பிச் சரக்கு வாங்கலாமா?

தினமும் பேரேட்டில் எண்களை எழுதுகிறோம். பாக்கியைப் பார்த்ததும் ஏட்டை மூடி விடுகிறோம். அதே எண்களைக் கொண்டு அடுத்த மாதக் கொள்முதலை முடிவு செய்ய உதவும் இலவசக் கம்ப்யூட்டர் மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஆர்'.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற புள்ளியியல் அறிஞர்கள் இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். இருவர் பெயருக்கும் ஆங்கில முதல் எழுத்து 'ஆர்'. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த 'எஸ்' மொழி இதற்கு முன்னோடி. 1995 முதல் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என விட்டு விட்டார்கள். லைசென்ஸ் பணம் கிடையாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏழு நாளில் துவரம் பருப்பு விற்பனை மூட்டைக் கணக்கில் 12, 14, 11, 13, 15, 12, 70. கடைசி நாளில் ஒரு கல்யாண மண்டபத்து ஆர்டர். இதை ஆரில் இப்படித் தட்ட வேண்டும்:

பருப்பு = சி(12, 14, 11, 13, 15, 12, 70)
மீன்(பருப்பு)
மீடியன்(பருப்பு)

எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தைத் தட்டினால் கட்டளை ஓடாது. 'மீன்' என்பது எம், இ, ஏ, என், அதாவது சராசரி. விடை 21. 'மீடியன்' என்பது எம், இ, டி, ஐ, ஏ, என். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைச் சொல்வது. விடை 13.

21 என்று நம்பிச் சரக்கு எடுத்தால் நாளொன்றுக்கு 8 மூட்டை கூடுதல். மாதம் 25 விற்பனை நாள் என்றால் 200 மூட்டை. அத்தனை முதலும் குடோனில் முடங்கும், வட்டி ஏறும், வண்டு விழும். ஆறு நாள் விற்பனையை ஒரு நாள் ஆர்டர் மறைத்து விடுகிறது.

ஆனால் 13 மூட்டை மட்டும் வைத்தாலும் சில நாள் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவார். ஆகவே சற்றுக் கூடுதலாக வைப்போம். மண்டப ஆர்டர் முன்கூட்டியே வரும். அதைத் தனிக் கணக்கில் வாங்குவோம்.

ஏழு எண்ணுக்குப் பேப்பரும் பேனாவும் போதும். முந்நூறு சரக்கு, மூன்று வருடக் கணக்கு என்றால்தான் ஆரின் அருமை தெரியும். பில் போடும் வேலைக்கு இது மாற்று அல்ல. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து, நம் கடையில் அதிகம் விற்கும் ஒரே ஒரு சரக்கில் இந்த வாரமே தொடங்குவோம்.