தலைக்கு மேலே ஒரு பாலைவனம்

மாணவர்களே, “அடுத்த வாரம் பாலைவனத்துக்குக் கல்விச் சுற்றுலா” என்று உங்கள் அறிவியல் ஆசிரியர் சொன்னால் எங்கே போவீர்கள்? ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே போக விமானம் ஏற வேண்டும். ஆனால் லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறி, நான்காவது நிலையமான பேஃபிரண்டில் இறங்கினாலும் பாலைவனச் செடிகளைப் பார்த்துவிடலாம். திரும்பும் வழியில் நிமிர்ந்து பார்த்தால், சிங்கப்பூருக்கே உரிய ஒரு குட்டிப் பாலைவனமும் தென்படும்!

சேமிப்பதும் தேடுவதும்

கரையோரப் பூந்தோட்டத்தில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடத்துக்குள் நுழையுங்கள். பானைபோல் பருத்த பாவோபாப் மரங்கள் நிற்கும். அவை மழைக்காலத்தில் அடிமரத்தில் நீரைச் சேர்த்து வைக்கும். வறட்சி வந்தால் இலைகளை உதிர்த்துவிடும். அருகிலுள்ள கள்ளிச் செடிகளில் இலைகள் முள்ளாகச் சுருங்கியிருக்கும். இலைப்பரப்பு குறைந்தால் ஆவியாகும் நீரும் குறையும்.

ராஜஸ்தான் பாலைவனத்தின் கேஜ்ரி மரம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. அது வேரை மிக ஆழமாக இறக்கி நிலத்தடி நீரைத் தேடுகிறது. நமக்குத் தெரிந்த வன்னி மரம்தான் அது. தமிழ்நாட்டில் விருத்தாசலம் கோயிலின் தல மரமும் வன்னியே.

இரவில் திறக்கும் கதவு

செடிகள் உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அது இலைத்துளைகள் வழியாக உள்ளே வருகிறது. துளை திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறிவிடும். கதவை மூடினால் பசி, திறந்தால் தாகம். என்ன செய்வது?

பல கள்ளிகளும் சோற்றுக்கற்றாழையும் இரவில்தான் கதவைத் திறக்கின்றன. அப்போது வெப்பம் குறைவு, நீரிழப்பும் குறைவு. உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை மீண்டும் பிரித்து, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன. இதை ‘காம்’ ஒளிச்சேர்க்கை என்பர்.

இதற்கான பழைய தடயம் ஒன்று இந்தியாவில் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருந்ததாக எழுதினார். அவரது கடிதம் 1815இல் அச்சானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவானதே காரணம். (நீங்கள் சுவைத்துப் பார்க்காதீர்கள்; ரணகள்ளியில் நச்சுப்பொருள் உண்டு.)

தூங்குமூஞ்சி மரத்தில் பாலைவனமா?

ஜெய்சல்மேர் பகுதியில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. சிங்கப்பூரிலோ 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். இங்கே பாலைவனம் எப்படி வரும்?

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையைப் பாருங்கள். காசுபோல் வட்டமான, தடித்த சிறு இலைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அது டிராகன் ஸ்கேல் ஃபெர்ன் என்னும் பெரணி. அருகில் புறா ஆர்க்கிட்டும் இருக்கலாம். திடீர் மழையால் காற்று குளிர்ந்த சுமார் 9 நாளுக்குப் பின், அது ஊரெங்கும் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும்.

இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. கிளையில் தங்க இடம் மட்டுமே பெறுகின்றன. அங்கே மண் இல்லை. எவ்வளவு மழை கொட்டினாலும் நீர் வழிந்தோடிவிடும்; வெயில் வந்ததும் கிளை காய்ந்துவிடும். அதனால்தான் இந்தப் பெரணியும் ஆர்க்கிட்டும் கள்ளியைப் போலவே ‘காம்’ முறையைப் பயன்படுத்துகின்றன.

ஆக, ஓர் இடம் செடிக்குப் பாலைவனமா இல்லையா என்பதை மழையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பெய்த நீர் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் முக்கியம். மொட்டைமாடியில் குறைந்த மண் பரப்பித் தோட்டம் அமைப்போருக்கும் இது பொருந்தும். அங்கும் மண் விரைவில் காயும் என்பதால், வறட்சியைத் தாங்கும் செடிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

தேக்கா சந்தையில் ஒரு கற்றாழை மடலும் ஒரு கட்டுக் கீரையும் வாங்குங்கள். இரண்டையும் எடைபோட்டு நிழலில் வையுங்கள். ஐந்து நாள்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில் எடையைக் குறித்து, எது எத்தனை விழுக்காடு எடை இழந்தது என்று வரைபடம் வரையுங்கள்.

சிந்தியுங்கள்: ‘காம்’ முறை இவ்வளவு நீரைச் சேமிக்கிறது என்றால், எல்லாச் செடிகளும் ஏன் அதைப் பின்பற்றவில்லை? ஒரு துப்பு: கள்ளி எவ்வளவு வேகமாக வளர்கிறது, கீரை எவ்வளவு வேகமாக வளர்கிறது?