ஓங்கி அடித்தால் ஸ்லாப் வருமா?

வீட்டில் பாஸ் கிடார் பழகுகிறவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. ஸ்லாப் என்றால் கட்டைவிரலால் ஓங்கி அடிப்பது. ஒலி சரியாக வரவில்லையென்றால் அடி போதவில்லை, அல்லது ஆம்ப் போதவில்லை. இரண்டையும் நான் மறுக்கிறேன். கம்பியைத் தொட்ட விரல் எவ்வளவு சீக்கிரம் அதை விட்டு விலகுகிறது என்பதில்தான் ஸ்லாப்பின் உயிர் இருக்கிறது. கட்டைவிரலின் கணு எலும்பு, ஃப்ரெட் பலகை முடியும் இடத்தில் கம்பியைத் தாக்கும்போது கம்பி கடைசி ஃப்ரெட்டுகளில் மோதுகிறது. 'டக்' என்ற முனைப்பு அங்கே பிறக்கிறது. அடுத்த நொடித்துளியிலிருந்து கம்பி தன்போக்கில் அதிர வேண்டும். விரல் அதன்மேல் தங்கிவிட்டால் சுரம் அமுங்கி, டக் மட்டும் மிஞ்சும். பலத்தைக் கூட்டினால் பெரும்பாலும் அந்த உலோகச் சத்தம்தான் கூடும். சுரம் அதே அளவுக்குக் கூடாது. அளவுக்கு மீறி இழுபட்ட கம்பியில் சுருதியும் தொடக்கத்தில் சற்று ஏறி நிற்கும்.

பாலக்காட்டு மண்ணுக்கு இது புதிய செய்தி அல்ல. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைத் (1912–1981) தந்த ஊர் அது. அதை அடுத்த பெருவெம்பயில் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மிருதங்கம் கற்கும் பிள்ளைக்கு முதல் பாடம் த, தி, தொம், நம். இதில் 'த', 'தொம்' இரண்டும் இடது கைக்கு உரியவை, இரண்டும் இடப்பக்கத் தோலான தொப்பியில் விழுபவை. கை படிந்து நின்றால் 'த'. பட்டவுடன் எழுந்தால் கார்வையோடு 'தொம்'. தோலும் கம்பியும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. இழுத்துக் கட்டிய தோல் கையைத் தானே எழுப்பிவிடும், கம்பி அவ்வளவு உதவாது. ஆகவே பாஸில் அந்த எழுச்சியை முன்கையின் சுழற்சி தர வேண்டும், ஈரக் கையை உதறுவதுபோல. ஆனாலும் இந்த ஒப்புமை வலிந்து பொருத்தியது அல்ல. ஸ்லாப்பே தாளவாத்தியத்தின் இடத்தை நிரப்பப் பிறந்த முறைதான். தாயாரோடு சேர்ந்து வாசித்துவந்த பாஸ் கலைஞர் லாரி கிரஹாம், குழுவில் டிரம்மர் இல்லாமல் போனபோது, பெரிய டிரம்முக்குக் கட்டைவிரல் அடியையும் ஸ்னேருக்கு ஆள்காட்டிவிரல் சுண்டலையும் வைத்தார். 1969இல் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 'தேங்க் யூ' பாடல் வழியே அது உலகத்துக்குப் போனது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பாஸ் கலைஞர் லூயிஸ் ஜான்சனுக்கு 'இடிமுழக்கக் கட்டைவிரல்' என்றே பட்டப்பெயர். அவர் அடி மெல்லியதல்ல. இன்னொரு பாஸ் கலைஞர் விக்டர் வூட்டனின் முறையில் கட்டைவிரல் அடித்தவுடன் எழும்பித் திரும்புவதில்லை, கம்பியைக் கடந்துபோய் அடுத்த கம்பியில் இறங்குகிறது. அப்படியானால் என் வாதம் உடைகிறதா? இல்லை. ஜான்சனின் விரல் வேகமாக விழுந்தது, அதே வேகத்தில் விலகியது. வூட்டனின் விரல் அடுத்த கம்பியில்தான் இளைப்பாறுகிறது. அடிபட்ட கம்பி விடுதலையாகிவிட்டது. மேலே எழுவதும் கீழே கடந்துபோவதும் விலகலின் இரண்டு வழிகள். பலம் கடைசியில் சேர்க்க வேண்டிய பொருள். விலகல் கைவராதவர் பலத்தைச் சேர்த்தால் பிழைதான் பெரிதாகும்.

வீட்டுப் பயிற்சியில் இந்தப் பிழையை வளர்ப்பது இன்னொரு நம்பிக்கை: ஆம்ப் இல்லாமல், சும்மா கம்பியைத் தட்டிப் பழகினாலே போதும் என்பது. இதற்கான காரணம் நியாயமானது. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகார வீட்டுக்கும் மூணாறு தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கும் பொதுவானது பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர். தாழ்ந்த ஒலி சுவரைக் கடப்பதுபோல் உயர்ந்த ஒலி கடக்காது. இரவில் பாஸ் வாசித்தால் அண்டை வீட்டுக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் ஆம்ப் இல்லாத மின்கிடாரில் காதுக்கு எட்டுவது டக் மட்டுமே. அடிச்சுரம் கேட்காததால் கை தன்னையறியாமல் ஓங்குகிறது. சில மாதங்களில் அதுவே பழக்கமாகிவிடுகிறது. ஹெட்போன் செருகும் துளையுள்ள சிறிய ஆம்ப் ஒன்று போதும், பெரிய பெட்டி தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: பாஸ் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மிக உயர்ந்த அதிர்வுகளை வடித்துவிடும், ஹெட்போன் அப்படியே காட்டும். அங்கே கேட்கும் கரகரப்புக்கு விரலைக் குற்றம் சொல்லாமல் ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இடது கையையும் ஹெட்போனில் கேட்கும்போதுதான் கவனிக்க முடியும். அடிபடாத கம்பிகளின் ரீங்காரத்தை அந்தக் கைதான் அடக்குகிறது. அது அடங்காதவரை எந்த ஸ்லாப்பும் தெளியாது.

ஆம்பில் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடு அதிர்வுகளை அடியோடு இறக்குவதே ஸ்லாப் ஒலி என்பார்கள். பாதி உண்மை. புகழ்பெற்ற ஸ்லாப் பதிவுகள் பலவற்றில் இரு முனைகளும் தூக்கலாகத்தான் கேட்கின்றன. ஆனால் 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியதுபோல், ஒலி குறைந்திருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தே கேட்கிறது. வீட்டில் மெதுவாக வைத்து வாசிப்பவர் அந்தக் குறையை ஈடுகட்டவே பாஸை ஏற்றுகிறார். அதே அமைப்போடு மேடையேறினால், கிடாரும் கீபோர்டும் முழங்கும் இடத்தில் அவர் வாசிப்பு காணாமல்போகும். பாஸின் சொல் புரிவது நடு அதிர்வுகளில்தான். தனியாகப் பழகும்போது நடுவைக் கொஞ்சம் இறக்குங்கள், பறிகொடுக்காதீர்கள்.

அப்படியானால் கருவி ஒரு பொருட்டே இல்லையா? பொருட்டுதான், விலை அளவுக்கு அல்ல. வியர்வை ஏறி மங்கிய கம்பியில் எந்த விரலும் பளிச்சென்ற ஒலியை எடுக்க முடியாது. விலையுயர்ந்த ஆம்பைவிடப் புதிய ரவுண்ட்வவுண்ட் கம்பி செட் பயன் தரும். கம்பி உயரமும் அப்படியே. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றுக்கும் இடுக்கி மலையின் ஆனி, ஆடி ஈரத்துக்கும் மரக்கழுத்து வளைந்து கொடுக்கும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை அரைத் திருப்புக்குள் சரிசெய்தாலே போன மாதத்து ஸ்லாப் திரும்பக்கூடும். அறையையும் மறக்க வேண்டாம். 10 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே தங்கி வீங்கும் அதிர்வு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். பாஸின் திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் குமுறினால் விரலும் கம்பியும் நிரபராதிகள். ஆம்பை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள்.