கைப்பைக்குள் கச்சேரி: பயணத்துக்கு எந்த ஸ்பீக்கர்?

டேப் ரெக்கார்டர் கோலோச்சிய நாட்களில் அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஆயிரக்கணக்கான வாட் 'பிஎம்பிஓ' என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் நிலையாகத் தரக்கூடியதோ அதில் ஒரு சிறு பங்குதான். கண நேர உச்சத்தை எடுத்து, அதையும் இஷ்டத்துக்குப் பெருக்கிப் போட்ட எண் அது. அந்த நான்கெழுத்து இன்று அதிகம் கண்ணில் படுவதில்லை. ஆனால், கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை வாட்?" என்று கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பயணத்துக்கு ஸ்பீக்கர் வாங்குபவர் முதலில் யோசிக்க வேண்டியது தூரத்தை. பாட்டு கேட்பவர் அந்தப் பெட்டியிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார்ந்திருப்பார்? வேறு எதுவும் மாறாமல் வாட் மட்டும் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். திறந்தவெளியிலோ தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் காற்றோடு போய்விடும். ஜேபிஎல் கோ 4-இன் 4.2 வாட்டுக்கும் அதே நிறுவனத்தின் க்ளிப் 5-இன் 7 வாட்டுக்கும் காகிதத்தில் நிறைய வித்தியாசம். வாட் கணக்கை மட்டும் பார்த்தால் அது இரண்டு டெசிபல் சொச்சம். ஸ்பீக்கரைக் கொஞ்சம் அருகே இழுத்து வைத்தால் சரியாகிவிடும்.

ஆகவே தனியாகவோ இரண்டு பேராகவோ போய், லாட்ஜ் அறையில் மேசை மேல் வைத்துக் கேட்பவர்களுக்குக் கையடக்க வகையே போதும். அறையின் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பி உதவும். சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் இன்னும் கொஞ்சம் கூடும். மெத்தை மேல் மட்டும் போடக் கூடாது. பாதிச் சத்தத்தை அதுவே விழுங்கிவிடும். இந்த வகையில் 2024-இல் வந்த கோ 4 வெறும் 190 கிராம். சட்டைப் பையில் அடங்கும். ஆனால், ஒருமுறை சார்ஜ் செய்தால் 7 மணி நேரம்தான் என்று நிறுவனமே சொல்கிறது. சோனியின் எஸ்ஆர்எஸ்-எக்ஸ்பி100 அதைவிட 84 கிராம் கூடுதல் எடை, ஆனால் 16 மணி நேரம் பாடும். மூன்று நான்கு நாள் பயணத்தில் செல்போன், கேமரா, பவர் பேங்க் என்று எல்லாமே ஒரே பிளக் பாயின்ட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது, சார்ஜ் கேட்காத பொருளின் அருமை தெரியும். எடையை மட்டும் பார்த்துக் கோ 4-ஐ எடுப்பவர்களைவிட, பேட்டரியைப் பார்த்து சோனியை எடுப்பவர்களே நிம்மதியாக இருப்பார்கள்.

கொக்கி வைத்த க்ளிப் 5 (285 கிராம், 12 மணி நேரம்) மரக்கிளையிலோ கூடாரக் கயிற்றிலோ மாட்டிவைக்க வசதியானது. முதுகுப்பையில் மாட்டிக்கொண்டு மலைப்பாதை முழுக்கப் பாட விடுவதற்கும் வசதிதான்; பின்னால் வருபவர்கள் பாவம்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஏலகிரியிலோ கொடைக்கானலிலோ காட்டேஜ் எடுத்துத் தங்கும் குழுவுக்கு இவை போதாது. முற்றத்தில் பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்குப் பாட்டின் மேல்பகுதி மட்டும் கேட்கும், கீழ்ப்பகுதி காணாமல் போயிருக்கும். அங்கே 550 கிராம் எடையுள்ள ஜேபிஎல் ஃப்ளிப் 6 போன்றது தேவை. 20 வாட்டில் ஒரு ஸ்பீக்கரும், கூர்மையான ஒலிகளுக்கென 10 வாட்டில் தனி ட்வீட்டரும் அதில் உண்டு. இடைப்பட்ட ஒன்று வேண்டுமானால் அல்டிமேட் இயர்ஸின் வொண்டர்பூம் 4: 420 கிராம், 14 மணி நேரம். வெளியில் கேட்பதற்கென்றே ஒலியை மாற்றித்தரும் பொத்தானும் இருக்கிறது.

பாஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் அதிகம் அளப்பது அங்கேதான். பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி எழுப்பும் ஒலி 41 ஹெர்ட்ஸ். கோ 4 இறங்கக்கூடிய எல்லை 90 ஹெர்ட்ஸ், ஃப்ளிப் 6-க்கு 63. அப்படியானால் அந்தக் கம்பியின் ஒலி இவற்றில் கேட்கவே கூடாதே? கேட்கும். 82, 123 ஹெர்ட்ஸ் என்று ஏறும் அதன் மேல்மடங்கு அதிர்வுகளில் அந்த எல்லைக்கு மேலே உள்ளவை காதில் விழுந்தால், விடுபட்ட அடிநாதத்தை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சின்னப் பெட்டிகளின் பிழைப்பே இந்த ஏமாற்றில்தான் ஓடுகிறது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பாஸ் கிட்டார் தனியொரு மெட்டாகவே ஓடும். அந்த மெட்டை இவற்றில் அடையாளம் காணலாம், நெஞ்சில் அதிர்வாக உணர முடியாது. மிருதங்கத்தின் தொப்பிக்கும் இதே கதிதான். குரலுக்கும் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை. கர்நாடக சங்கீதமும் பழைய திரைப்பாடல்களும் கேட்பவர் சின்ன ஸ்பீக்கரில் இழப்பது குறைவு.

அடுத்தது தண்ணீர். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை விட்டுவிட்டு, ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும். ஐபி67 என்றால் முதல் இலக்கம் 6, தூசு உள்ளே போகவே போகாது. இரண்டாவது இலக்கம் 7, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் தூசுக்கான சோதனை மதிப்பே கொடுக்கப்படவில்லை என்று பொருள். தனுஷ்கோடி மணலுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஓர் எழுத்து முக்கியம். இன்னொன்று, 7 என்பது அசையாத நீருக்கான சோதனை. பீய்ச்சும் நீருக்கு 5, 6 என்று வேறு இலக்கங்கள் உண்டு. குற்றாலத்தில் அருவிக்கு நேர் கீழே நீட்டிப் பார்க்கும் வீரம் வேண்டாம். கடல்நீருக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. உப்பு பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் துளை முழுக்கக் காய்ந்த பிறகே கேபிளைச் செருக வேண்டும். படகில் எடுத்துப்போகிறவர்கள் வொண்டர்பூமை யோசிக்கலாம். தவறி விழுந்தால் அது மிதக்கும்.

மேலே சொன்ன எல்லாவற்றிலும் பாட்டு செல்போனிலிருந்துதான் வர வேண்டும். வால்பாறைச் சாலையில் சிக்னல் போனதும், பாட்டை முன்பே இறக்கி வைக்காதவரின் ஸ்பீக்கர் வெறும் பொம்மை. இந்த இடத்தில் மலிவான வகைகள் முந்துகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸின் ஜெப்-கவுண்டியில் எஃப்எம், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் உண்டு; நீர்க்காப்பை அதில் எதிர்பார்க்கக் கூடாது. பெற்றோரை அழைத்துக்கொண்டு கோயில் ஊர்களுக்குப் போகும் குடும்பங்களுக்கு, 2017-இல் சரிகம கொண்டுவந்த கார்வானின் தமிழ்ப் பதிப்பு பொருத்தம். ஐயாயிரம் பாடல்கள் உள்ளேயே இருப்பதால் செல்போனைத் தேட வேண்டியதில்லை. கைப்பையில் அடங்காது, காரில் போகிறவர்களுக்கே சரி.

பேட்டரி மணிக்கணக்கு எல்லாம் நடுத்தர ஒலியளவில் எடுத்தவை. முழுச் சத்தத்தில் வைத்தால் வேகமாகக் கரையும். லடாக் போன்ற கடுங்குளிரிலும் குறையும். பழைய மைக்ரோ-யுஎஸ்பி துளை உள்ளவை தள்ளுபடியில் கிடைத்தாலும், ஒரே ஒரு பொருளுக்காக இன்னொரு கேபிளைச் சுமக்க நேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து கையடக்க ஸ்பீக்கர்களுக்கும் டைப்-சி துளையைக் கட்டாயமாக்கிவிட்டது. விமானத்தில் 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பேட்டரிக்குத் தடையில்லை. ஃப்ளிப் 6-இல் இருப்பதே 17 வாட்-மணி சொச்சம்தான். செக்-இன் பெட்டியில் போடாமல் கையில் எடுத்துச் செல்வது நல்லது.

ரயிலுக்கும் பேருந்துக்கும் இவை எதுவும் வேண்டாம், ஹெட்செட் போதும். இரவு 10 மணிக்கு மேல் ரயில் பெட்டியில் சத்தமாகப் பாட்டு வைக்க அனுமதியில்லை. முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களில் எந்த நேரத்திலும் கூடாது.

கடையில் சோதிக்கும்போது விற்பனையாளர் போடும் பாட்டை நம்பக் கூடாது. அந்த ஸ்பீக்கருக்குத் தோதானதாகப் பார்த்துத்தான் போடுவார். வாங்குபவர் தனக்கு மனப்பாடமான பாடலைத் தன் செல்போனிலிருந்தே போட வேண்டும். முதலில் பாதிச் சத்தம், பிறகு முழுச் சத்தம். ஒலி ஏற ஏற, ஸ்பீக்கர் தன்னைக் காத்துக்கொள்ள பாஸைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது குரல் நெரிகிறதா என்று கவனித்தால் போதும், வாட் கணக்கைப் பார்க்கவே தேவையில்லை.

ஃப்ளிப் 6 ஒன்று வாங்குவதா, கோ 4 இரண்டு வாங்குவதா என்ற கேள்வியும் சிலருக்கு வரும். ஃப்ளிப் 6 தனியாக இருந்தால் மோனோதான். இரண்டு கோ 4 சேர்ந்தால் இடம் வலம் பிரிந்த ஸ்டீரியோ கிடைக்கும். எடையும் 380 கிராமோடு நிற்கும். ஆனால் எண்ணிக்கை கூடியதால் பாஸ் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடாது. கச்சேரிப் பதிவில் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று கேட்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு கோ. அனிருத் பாட்டுக்கு ஆட்டம் போடும் கூட்டத்துக்கு ஒரு ஃப்ளிப். ஏற்கெனவே வீட்டில் ஃப்ளிப் 6 இருக்கிறது, கூட ஒரு கோ 4 வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது நடக்காது. ஸ்பீக்கர்களை இணைக்கப் பழையது பயன்படுத்தும் முறை பார்ட்டிபூஸ்ட், புதியது பயன்படுத்துவது ஆராகாஸ்ட். ஒரே நிறுவனம் என்றாலும் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.