மீன் தொட்டியில் பேய்க்கணவாயா?

எங்கள் ஊரான செட்டியார்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடலுக்குச் சாலை வழியே 100 கிலோமீட்டருக்கு மேல். அதனால் இங்கே வீட்டில் கடல் மீன் வளர்ப்பவர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மீன்தொட்டிக் கடல் உப்பைக் கரைத்துத்தான் தண்ணீர் தயாரிக்க வேண்டும்.

அந்தத் தொட்டியில் மீன்களோடு பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, விடவே கூடாது. கல்லிடுக்கில் பதுங்கியிருந்து, சமயம் பார்த்து மீனைப் பிடித்துத் தின்றுவிடும். அமெரிக்காவின் சியாட்டில் காட்சியகத்தில் ஒரு ராட்சத ஆக்டோபஸ் சிறு சுறாக்களையே கொன்றிருக்கிறது. கிளாத்தி போன்ற கடிக்கும் மீன் இருந்தாலோ, கைகளை இழப்பது ஆக்டோபஸ்தான்.

ஆக்டோபஸைத் தனியாக வளர்த்தாலும் தொட்டி மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டும். எலும்பில்லாத உடம்பு, அலகு நுழையும் சந்து போதும். நியூசிலாந்தின் நேப்பியர் காட்சியகத்தில் 'இங்கி' என்ற ஆக்டோபஸ் தப்பியது வடிகால் குழாய் வழியே. அது 2016இல் உலகச் செய்தியானது.

மீன் நோய்க்கான தாமிர மருந்து ஆக்டோபஸுக்கு விஷம். ஒரு சொட்டுகூட வேண்டாம்.