திருந்தி வரட்டும், பிறகு பார்ப்போம்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பண்டாரவளை பஸ் நிலையத்தில் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு அந்த முகங்கள் பழக்கம். பூட்டிய கடைவாசலில் சாக்கை விரித்துப் படுத்திருப்பார்கள். சந்தைக்கு லொறி வந்ததும் எழுந்து மூட்டை இறக்கப் போவார்கள். கிடைத்த காசு மத்தியானத்துக்குள் தவறணைக்குப் போய்விடும். “குடிச்சே அழிஞ்சவன்” என்று சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறுகிறோம். அவர்களைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பவற்றில் பாதி தவறு.

“இந்தக் குளிருக்கும் உடம்பு வலிக்கும் ஒரு மடக்கு வேணும்.”

நாலாயிரம் அடி உயரத்தில் இருப்பவர்களிடம் குளிரைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது. ஆனால் சாராயம் உள்ளே போனதும் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன; நெஞ்சுக்கூட்டில் இருந்த சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடுகிறது. சூடு ஏறுவதுபோலத் தெரிவது சூடு இறங்குவதுதான். கம்பளி போர்த்திக் காம்பராவுக்குள் கிடப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை, கடைவாசலில் கிடப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை. கவ்வாத்து வெட்டிய தோள்வலியும் மரத்துப்போகிறதே தவிர ஆறுவதில்லை. கசிப்பு விஷயத்தில் இன்னொன்று: நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பார்கள். கண்ணைப் பறிக்கும் மெதனோலும் நீலமாகத்தான் எரியும்.

“மனசு வச்சா நாளைக்கே விட்டுடலாம்.”

மனம் வேண்டும்தான். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்து, காலையில் கை நடுங்க எழுகிற ஒருவர் சத்தியம் செய்துவிட்டு அன்றே நிறுத்துவது ஆபத்தானது. கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும், பூச்சி ஊர்வதுபோல இருக்கும், நேரம் இடம் தெரியாமல் புலம்புவார்கள். இதைப் பேய்க்கோளாறு என்று எண்ணிக் கோடாங்கியைக் கூப்பிட்டால் ஆளே போய்விடலாம். வைத்தியசாலையில் வைத்துச் சில நாட்கள் மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து, மூளையைக் காக்கத் தயமின் என்கிற பி1 விற்றமின் கொடுத்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

ஆனால் விரதங்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஐயப்பனுக்கு மாலை போட்ட 41 நாளும், காமன் கூத்துக்கு வேஷம் கட்டுகிற நாட்களிலும் பெருங்குடிகாரர்கள் தொடாமல் இருந்ததை மலையகத்தில் பார்க்காதவர் இல்லை. சாமி பயம் மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை. அந்த நாட்களில் அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், செய்ய வேலை இருக்கிறது, சின்னப் பிள்ளைகூட “சாமி” என்று கூப்பிடுகிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் அந்தச் சாமி மறுபடி “டேய்” ஆகிவிடுகிறார்.

“தெரியாமச் சாப்பாட்டுல மருந்து கலந்து குடுத்தா நிப்பாட்டிடுவாரு.”

கூடவே கூடாது. டைசல்ஃபிரம் என்கிற அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடத்து இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவர் அறிந்து, ஒப்பி, வைத்தியர் பார்வையில் எடுக்கிற மருந்து அது.

“வீடு வாசல் இல்லாதவனெல்லாம் குடிச்சுத் தொலைச்சவன்.”

பதுளை மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல நாக்கு கூச வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முகாம் வாழ்க்கை வாழ்ந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. வீடு போன பிறகு குடிக்கத் தொடங்கியவர்களும் உண்டு.

மண் சரியாத இடத்திலும் லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசிடமே இருக்கிறது. கூரையோ வேலையோடு கட்டப்பட்டது. குடியால் பிரட்டுக்குப் போகாதவருக்குச் செக்ரோலில் பேர் வெட்டுப்படும். குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் பேர் போடாவிட்டால் காம்பராவுக்கும் கேள்வி வரும். மற்ற ஊர்களில் குடி ஒருவனுடைய வேலையைத் தின்று, சேமிப்பைத் தின்று, மெதுவாகத்தான் வீட்டுக்கு வரும். இங்கே அந்தத் தூரம் மிகவும் குறைவு. பிறகு அவர் பஸ் நிலையத்தில் படுத்தால் அங்கே 1841ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிய நாடோடிகள் கட்டளைச் சட்டம் காத்திருக்கிறது. கோப்பிக் காலத்தில் நம் பாட்டன்மார் மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து வந்த அதே காலத்துச் சட்டம்!

“முதல்ல திருந்தி வரட்டும், அப்புறம் சேத்துக்குவோம்.”

நியாயமாகப் படுகிற நம்பிக்கை. அதிகம் கெடுப்பதும் இதுதான். 1992இல் நியூயோர்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். தெருவில் கிடந்த மனநோயாளிகளுக்கு, அவர்களில் குடியும் போதையும் உள்ள பலருக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலில் வீடு கொடுத்தார். ஐந்து ஆண்டுகளில் 88 வீதமானோர் வீட்டில் தங்கியிருந்தார்கள். படிப்படியாகத் திருந்தி வந்தால் வீடு என்ற பழைய முறையில் 47 வீதம்தான். வீடு கிடைத்ததால் மட்டும் குடி நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூரை ஆளை உயிரோடு ஓரிடத்தில் நிறுத்தி வைத்தது. மிச்சத்துக்கு மனிதர்கள் வேண்டும்.

அந்த மனிதர்களைத் தமிழ்நாட்டில் பார்க்கலாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். நகரத்துக்கு வர முடியாத கூலிக்காரர்களுக்காகப் பிறகு சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். காவிரிக் கரை மாவட்டத்து மஞ்சக்குடியில் நடந்த முகாம் 15 நாள். இடத்தையும் சாப்பாட்டையும் ஊர் பார்த்துக்கொள்ளும். மனைவிமாருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. முகாம் முடிந்தும் தொடர்ந்து போய்ப் பார்ப்பார்கள். குடியிலிருந்து மீண்டவர்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற குழுக்களைப் பற்றி 2020இல் வந்த கொக்ரேன் மீளாய்வும் 27 ஆய்வுகளை அலசி, இந்தக் கூடிப்பேசுகிற வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, குடியை முழுதாக விடுவதில் பலமுறை மேலானது என்று கண்டது.

நம் தோட்டங்களில் இதற்குப் புதிதாக ஒரு சங்கம் கட்ட வேண்டியதில்லை; மரண சங்கம் இருக்கிறது. அதன் கணக்குக் கொப்பியைப் புரட்டினால், செக்ரோலில் பேர் வெட்டுப்பட்ட மகனுக்கும் மாதச் சந்தா கட்டிவரும் ஒரு தாயின் பெயர் எங்காவது இருக்கும். பெட்டி வாங்கக் காசு சேர்க்கிற நாம் அதற்கு முந்திய பத்து வருடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சேர்த்துக்கொள்வது என்றால் அடி வாங்கிய மனைவி மறுபடி காம்பராக் கதவைத் திறக்கவேண்டும் என்று பொருளில்லை. கூரையைக் கோவில் மடமோ, பூட்டிக் கிடக்கும் பிள்ளைக் காம்பராவோ, அண்ணன் வீட்டு இஸ்தோப்போ தரட்டும்.

“ஒருக்கா மறுபடி குடிச்சிட்டா எல்லாம் போச்சு.”

சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒருமுறை சீனி ஏறினால் கிளினிக் கொப்பியைக் கிழித்துப் போடுவதில்லை. திரும்பக் குடிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. திரும்பக் கூட்டிப்போவதும் அப்படியே நடக்கவேண்டும்.

எங்கே கூட்டிப்போவது? பண்டாரவளையிலோ தியத்தலாவையிலோ வைத்தியசாலையில் காட்டி, தேவையானால் பதுளைக்குப் போகலாம். போனில் கேட்க 1926 தேசிய மனநல இலக்கம், 1927 அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்; வழியில் எத்தனை தவறணை இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கூடப் போகிறவருக்கு அன்றைய பேர் போய்விடும். அந்த ஒரு நாள் சம்பளத்தை மரண சங்கம் கொடுக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்டுப் பாருங்கள்.