உப்பைத் தாங்கும் பூசணங்கள்

திருத்தணி வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தை நம்பி நிலக்கடலை பயிரிடுவோர் பலர். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது சில கிணறுகளில் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். “உப்பு உள்ள இடத்தில் பூசணம் வராது, வேரழுகலுக்கு அஞ்ச வேண்டியதில்லை” என்று எண்ணிவிடக் கூடாது. இந்த எண்ணம் ஏன் தவறு, உப்பு நிலத்தில் நன்மை செய்யும் பூசணங்களை எவ்வாறு காப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஊறுகாய் சொல்லும் பாடம்

மாங்காயில் உப்பிட்டு ஊறுகாய் போடுகிறோம். உப்பு பெரும்பாலான நுண்ணுயிர்களை அடக்கிவிடுகிறது. ஆயினும் எண்ணெய் மேலே நிற்காமல் போனாலும், ஈரக் கரண்டி பட்டாலும் வெள்ளைப் பூசணம் படர்வதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். கருவாட்டிலும் பூசணம் பிடிப்பதுண்டு. உப்பைத் தாங்கும் திறன் பூசணங்கள் பலவற்றுக்கு உண்டு என்பதே இதன் பொருள்.

உப்பினால் வரும் இரு கேடுகள்

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் நீர் விடும். அதுபோலவே உப்புக் கரைசல் பூசணத்தின் உயிரணுவிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. இது முதல் கேடு. உப்பிலுள்ள சோடியம் அயனிகள் உயிரணுவினுள் நுழைந்து, அங்கு இருக்க வேண்டிய பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து, நொதிகளின் வேலையைக் கெடுப்பது இரண்டாவது கேடு.

பூசணம் தன்னைக் காக்கும் முறை

இதை விஞ்ஞானிகள் மிகத் தெளிவாக அறிந்தது ஈஸ்ட் என்னும் பூசணத்தில்தான். அதில் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் உள்ளன. மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. எல்லாக் குறிப்புகளும் எந்நேரமும் பயன்படுவதில்லை. ஏரியில் மடைகள் பல இருந்தாலும் தேவையான மடையை மட்டும் திறப்பது போல, பூசணமும் வேண்டிய மரபணுவை வேண்டிய நேரத்தில் இயக்குகிறது.

உயிரணுவின் மேலுறையிலுள்ள உணர்விகள் நீர் குறைவதை உணர்ந்து உள்ளே செய்தி அனுப்புகின்றன. அச்செய்தி 1993இல் கண்டறியப்பட்ட ஹாக்-1 என்னும் புரதத்தைத் தூண்டுகிறது. சில நிமிடங்களில் அது உட்கருவுக்குள் சென்று, கிளிசரால் தயாரிப்பதற்கான மரபணுக்களை இயக்குகிறது. அதே நேரத்தில் கிளிசரால் வெளியேறும் வழியும் அடைக்கப்படுகிறது. உள்ளே சேரும் கிளிசரால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அடுத்து, ஈனா-1 என்னும் மரபணு இயங்கத் தொடங்குகிறது. சாதாரண நிலையில் இதை ஒரு புரதம் பூட்டி வைத்திருக்கும். ஹாக்-1 அப்பூட்டைத் திறக்கச் செய்கிறது. ஈனா-1 குறிப்பின்படி உருவாகும் புரதம், கிணற்றிலிருந்து நீரை இறைக்கும் மோட்டார் போலச் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி உயிரணுவிலுள்ள நுண்குமிழியில் அடைத்து வைக்கப்படுகிறது.

இத்தனைக்கும் சர்க்கரையும் சக்தியும் செலவாகின்றன. எனவே நிலைமை சீரானதும் ஹாக்-1 ஓய்ந்துவிட வேண்டும். ஓயாமல் இயங்கினால் உயிரணு அழியும். ஃப்ளூடையாக்சோனில் என்னும் விதை நேர்த்தி மருந்து, உப்பு இல்லாதபோதும் இந்தச் செய்தித் தொடரை ஓயாமல் தூண்டிவிட்டே நோய்ப் பூசணங்களைக் கொல்கிறது.

பகைவனுக்கும் உண்டு, நண்பனுக்கும் உண்டு

நிலக்கடலையில் வேரழுகலை உண்டாக்கும் மேக்ரோஃபோமினா பூசணமும் உப்பை நன்கு தாங்கக்கூடியது. உப்பு நீரால் செடி வாடுகிறது. பூசணமோ அவ்வளவாக வாடுவதில்லை. ஆகவே கரிக்கும் தண்ணீர் நோயைத் தடுக்காது. நலிந்த பயிரை நோய்க்கு இரையாக்கும்.

நோய்ப் பூசணங்களை அழிக்கும் டிரைக்கோடெர்மாவிலும் ஹாக் புரதம் உள்ளது. அதன் ஓர் இனத்தில் இந்த மரபணுவை அடக்கிப் பார்த்தபோது, உப்பைத் தாங்கும் திறனோடு நோய்ப் பூசணங்களை எதிர்க்கும் ஆற்றலும் குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

வாம் எனப்படும் வேர் உட்பூசணம் உவர் நிலத்தில் மணிச்சத்தையும் நீரையும் பயிருக்கு எடுத்துத் தருகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மண்ணையும் பாசன நீரையும் பரிசோதனை செய்யுங்கள். மண்ணின் மின் கடத்துதிறன் 4 டெசிசைமன்ஸுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். கார அமிலத்தன்மை 8.5க்கு மேல் இருந்து சோடியமும் மிகுந்திருந்தால் அது களர் நிலம். ஜிப்சம் இட்டுத் திருத்துவது களர் நிலத்துக்கே உரியது.

2. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். இவ்விதையில் கார்பென்டாசிம் கலக்க வேண்டாம். அது நோய்ப் பூசணத்தோடு டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும்.

3. எக்டருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து, ஈரமுள்ள நிலத்தில் இடுங்கள். தொழு உரத்தைக் குறைக்க வேண்டாம். உப்பைத் தாங்கச் சக்தி தேவை; அச்சக்திக்கான உணவு தொழு உரத்தில் உள்ளது.

4. யூரியா, பொட்டாஷ் ஆகிய உரங்களுடனோ தாமிர மருந்துகளுடனோ இதை ஒன்றாகக் கலக்காதீர்கள். உரக் குவியலில் உப்பின் செறிவு பூசணத்தின் தாங்கும் அளவை மீறிவிடும்.

5. நல்ல நீரும் உப்பு நீரும் கிடைக்குமானால், முளைக்கும் பருவத்துக்கு நல்ல நீரை ஒதுக்குங்கள்.

6. வடகிழக்குப் பருவமழையை வரப்பு உயர்த்தித் தேக்கி, பின் வடிகால் வழியே வடித்து விடுங்கள்.

கடைசியாகக் கூறியதை மறந்துவிடக் கூடாது. பூசணம் தன் உயிரணுவிலிருந்து வெளியே தள்ளும் சோடியம் உங்கள் மண்ணிலேயேதான் தங்குகிறது. நிலத்திலுள்ள உப்பைப் பூசணம் போக்கிவிடும் என்று கூறி எவரேனும் ஒரு பொட்டலத்தை விற்க வந்தால் நம்ப வேண்டாம். உப்பை வெளியேற்றுவது நல்ல நீரும் வடிகாலுமே. அந்த வேலை முடியும்வரை வேரைக் காத்து நிற்பது நன்மை செய்யும் பூசணத்தின் பணி. இவ்விரண்டையும் ஒருங்கே கடைப்பிடித்து, உவர் நிலத்திலும் நிலக்கடலையில் நல்ல பயன் பெறுவீர்களாக.