நடனக் கலைஞரின் படத்தில் கண்ணுக்கே முதலிடம்

பரதக் கலைஞரின் போர்ட்ஃபோலியோவுக்கு ஸ்டூடியோவில் படம் எடுக்கும்போது, அலங்காரத்தைவிட ஒளிக்கும் தூரத்துக்கும்தான் முதலில் நேரம் ஒதுக்க வேண்டும். அபிநயத்தின் பாதி கண்ணில்தான் இருக்கிறது. கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி விழாவிட்டால், தடித்த மை தீட்டிய கண்கூட உயிரில்லாமல் தெரியும். சாஃப்ட்பாக்ஸை முகத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஏறக்குறைய 45 டிகிரியில் வையுங்கள். அந்தப் புள்ளி விழும். நெற்றிச்சுட்டியும் அட்டிகையும் கண் கூசும்படி மின்னாது. கேமராவை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று 85 மி.மீ. லென்ஸில் எடுப்பது நல்லது. அந்த லென்ஸ் வாங்க வசதியில்லையே என்றால், 50 மி.மீ. லென்ஸோடு அதே தூரத்தில் நின்று எடுத்து, பிறகு க்ராப் செய்துகொள்ளலாம். முக அமைப்பை மாற்றிக் காட்டுவது தூரம்தான், லென்ஸின் விலை அல்ல.

எடுத்த படத்தைத் திருத்தும்போது சருமத்தை மெழுகுபோல வழித்துவிடுவதை மட்டும் ஏற்க முடியாது. மேடைக்கு அழகு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான்; ஆனால் சபாக்காரர்கள் தேடுவது நேரில் வந்து நிற்கப்போகும் முகத்தை. பருவை அழியுங்கள், சிரிப்புக் கோட்டை விட்டுவிடுங்கள்.